மிச்சத்தை அளந்து உலோகத்தைக் கணித்தல்

கரைசலாகக் கையில் இருக்கும் ஒரு பொருளின் அளவைக் காண நேரடித் தரம்பார்த்தலே போதும். செறிவு தெரிந்த கரைசலைப் பியூரெட்டிலிருந்து துளித்துளியாக விட்டு, நிறங்காட்டி நிறம் மாறியதும் நிறுத்தி, செலவான பருமனைப் படித்தால் கணக்கு முடிந்துவிடும். தாதுக்கல் இதற்கு இடம் கொடுப்பதில்லை. அது நீரில் கரையாது. அமிலத்திலும் சூடேற்றினால்தான், அதுவும் மெல்லத்தான் கரையும். ஒவ்வொரு துளி விட்ட பிறகும் கால் மணி நேரம் காத்திருந்து முடிவுநிலையைத் தேடுவது நடக்கிற காரியமல்ல. எனவே வேதியியலாளர் வரிசையை மாற்றுகிறார். தாதுவுடன் வினைபுரியும் பொருளை, தேவைக்கு மேல், அளவு துல்லியமாகத் தெரியும்படி ஒரே தடவையில் சேர்த்துவிடுகிறார். வினை தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டு முடிகிறது. பிறகு செலவாகாமல் எஞ்சியதை மட்டும் வேறொரு கரைசலால் அளக்கிறார். சேர்த்ததிலிருந்து எஞ்சியதைக் கழித்தால் தாது எடுத்துக்கொண்டது தெரியும். இதுவே பின் தரம்பார்த்தல்.

இம்முறையில் உலோகம் நேராக அளக்கப்படுவதே இல்லை. அளக்கப்படுவது செலவான வினைப்பொருள். அதை உலோகமாக மொழிபெயர்ப்பது ஒரு வேதிச் சமன்பாடு. சமன்பாடு சொல்வது மட்டும்தான் தாதுவுக்குள் நடந்தது என்றால் விடை சரி. வேறெதுவும் அந்த வினைப்பொருளைத் தின்றிருந்தால் அதுவும் உலோகத்தின் கணக்கில் ஏறிவிடும். பின் தரம்பார்த்தலின் திறமை முழுவதும் வினையைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. பியூரெட்டைத் திறந்து மூடுவது அதில் சிறு பங்குதான்.

எளிய வகை அமில–கார முறை. சேலத்துக்கும் ஏற்காட்டு அடிவாரத்துக்கும் இடையே உள்ள குன்றுகளில் வெட்டப்படும் மேக்னசைட், வேதியியல்படி மெக்னீசியம் கார்பனேட். அப்பகுதியில் அதை வெள்ளைக்கல் என்பார்கள். உலைச் செங்கற்களுக்கு மூலப்பொருளான இதன் தூளைக் குளிர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்புக்கல்லைப் போலப் பொங்காது, மெல்லக் குமிழிவிடும். ஆகவே அளவு தெரிந்த அமிலத்தை மிகுதியாகச் சேர்த்து, கரைந்து முடியும்வரை சூடாக்கி, கார்பன் டைஆக்சைடு முழுவதும் வெளியேறக் கொதிக்கவைத்து, ஆறிய பின் எஞ்சிய அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் அளப்பார்கள். கொதிக்கவைக்கும் படியைத் தவிர்த்தால் கரைசலில் தங்கிய கார்பன் டைஆக்சைடும் காரத்தைச் செலவழித்து, அமிலம் அதிகம் எஞ்சியது போலக் காட்டும்.

ஆனால் அமிலத்துக்கு மெக்னீசியம் எது, கால்சியம் எது என்று தெரியாது. நூற்றுக்கு 90 பங்கு மெக்னீசியம் கார்பனேட்டும் 5 பங்கு கால்சியம் கார்பனேட்டும் உள்ள ஒரு மாதிரியை இப்படிச் சோதித்து, செலவான அமிலம் முழுவதையும் மெக்னீசியத்தின் பேரில் எழுதினால் 94.2 சதவீதம் என்று விடை வரும். கல்லில் கால்சியம் இல்லை என்று வேறு வழியில் உறுதியானால்தான் இந்த எண்ணை உலோக அளவாகக் கொள்ளலாம். மற்றபடி இது கல்லின் மொத்தக் காரத்தன்மையைச் சொல்லும் எண், அவ்வளவே. பள்ளி ஆய்வகங்களில் முட்டையோட்டையும் சுண்ணாம்புக்கல்லையும் வைத்து இச்சோதனை நிம்மதியாக நடப்பதற்குக் காரணம், அவற்றில் கார்பனேட்டாக இருப்பது பெரும்பாலும் கால்சியம் மட்டுமே என்பதுதான்.

உலோகத்தை மேலும் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது ஆக்சிஜனேற்ற–ஒடுக்க முறை. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பைரோலுசைட் என்னும் கருமையான மாங்கனீசுத் தாது. இதன் முக்கியக் கூறு மாங்கனீசு டைஆக்சைடு. 1774-இல் வேதியியலாளர் ஷீலே இதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் சூடாக்கியபோதுதான் குளோரின் வாயு முதன்முதலில் வெளிப்பட்டது. அதே ஆண்டில் இன்னொரு வேதியியலாளரான கான் இதிலிருந்து மாங்கனீசு உலோகத்தைப் பிரித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் துணி வெளுக்கும் தொழிலுக்கு வேண்டிய குளோரின் பெருமளவில் இத்தாதுவைக் கொண்டே தயாரிக்கப்பட்டது. அந்தத் தொழிற்சாலைக்குத் தாதுவில் எவ்வளவு மாங்கனீசு இருக்கிறது என்பதில் அக்கறை இல்லை. எவ்வளவு குளோரின் கிடைக்கும் என்பதே கேள்வி. எஃகு ஆலை கேட்பது அதற்கு நேர்மாறானது: அதற்கு மாங்கனீசுதான் வேண்டும், எந்த வடிவில் இருந்தாலும் சரி. ஒரே கல், இரண்டு வாங்குபவர்கள், இரண்டு வெவ்வேறு எண்கள். இந்த வேறுபாடு பகுப்பாய்விலும் அப்படியே வெளிப்படும்.

தாதுவை மாவு போல நுணுக அரைத்து, ஏறக்குறைய 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி எடைபோட வேண்டும். பருமணலாக விட்டால் ஒவ்வொரு மணியின் நடுப்பகுதியும் வினைபுரியாமல் தப்பிவிடக்கூடும். எடைபோட்ட தூளுடன் தூய சோடியம் ஆக்சலேட்டைத் துல்லியமான அளவில் சேர்த்து, நீர்த்த கந்தக அமிலம் ஊற்றி, நீர்த்தொட்டியில் சூடாக்குவார்கள். மாங்கனீசு டைஆக்சைடு ஆக்சலேட்டைக் கார்பன் டைஆக்சைடாக ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டு, தான் ஏறக்குறைய நிறமற்ற மாங்கனீசு அயனியாகக் கரைந்துபோகும். ஒரு மோல் டைஆக்சைடுக்கு ஒரு மோல் ஆக்சலேட். குடுவையின் அடியில் கரும்பொடி முற்றிலும் மறைந்து, வெளிறிய மணல் மட்டும் தங்கினால் வினை முடிந்தது என்று பொருள். இங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாது என்பதற்கு ஷீலேயின் சோதனையே விளக்கம்: டைஆக்சைடின் ஒரு பகுதி ஆக்சலேட்டை விட்டுவிட்டுக் குளோரைடோடு வினைபுரியும்.

எஞ்சிய ஆக்சலேட்டைச் சூடாக இருக்கும்போதே பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் அளக்க வேண்டும். பெர்மாங்கனேட்டின் ஆழ்ந்த ஊதா நிறமே நிறங்காட்டியாக அமைவதால் தனியாக ஒன்று தேவையில்லை; அரை நிமிடம் மறையாமல் நிற்கும் மெல்லிய இளஞ்சிவப்பு முடிவுநிலையைக் காட்டும். சாதாரணமாக ஆக்சலேட்டைப் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும்போது முதல் சில துளிகள் நிறம் மாறத் தயங்கும்; வினையில் பிறக்கும் மாங்கனீசு அயனிதான் வினையை முடுக்கிவிடும் கிரியாவூக்கி, அது பிறக்கக் கொஞ்சம் நேரமாகும். தாதுச் சோதனையில் இந்தத் தயக்கம் இராது. தாது ஏற்கெனவே வேண்டிய அளவு மாங்கனீசு அயனியைக் கரைசலில் விட்டிருக்கிறது.

கணக்கை ஒரு மாதிரி எண்ணால் காணலாம். எடுத்த தாது 0.2500 கிராம். சேர்த்த சோடியம் ஆக்சலேட் 0.4000 கிராம், மோலார் நிறை 134.00 என்பதால் இது 2.985 மில்லிமோல். எஞ்சியதற்குச் செலவான 0.0200 மோலார் பெர்மாங்கனேட் 13.70 மி.லி., அதாவது 0.2740 மில்லிமோல். இரண்டு மோல் பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து மோல் ஆக்சலேட் என்பதால் எஞ்சிய ஆக்சலேட் 0.685 மில்லிமோல். கழித்தால் தாது செலவழித்தது 2.300 மில்லிமோல். இதை டைஆக்சைடின் மோலார் நிறையான 86.94-ஆல் பெருக்கினால் 200.0 மில்லிகிராம், அதாவது தாதுவில் 80.0 சதவீதம். மாங்கனீசின் அணுநிறையான 54.94-ஆல் பெருக்கினால் 126.4 மில்லிகிராம், உலோகமாக 50.5 சதவீதம்.

கடைசி வரிதான் கவனிக்க வேண்டிய இடம். தாதுவின் ஆக்சிஜனேற்றத் திறன் 80.0 சதவீதம் டைஆக்சைடுக்குச் சமம் என்று தயக்கமின்றி எழுதலாம். 50.5 சதவீதம் மாங்கனீசு என்பது, மாங்கனீசு அனைத்தும் டைஆக்சைடாகவே இருந்தது என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. இயற்கை அதற்கு உத்தரவாதம் தருவதில்லை. மாங்கனீசுத் தாதுக்களில் பிரவுனைட் போன்ற தாழ்ந்த ஆக்சிஜனேற்ற நிலைக் கனிமங்களும் கலந்திருக்கும். இரண்டு மாங்கனீசுக்கு மூன்று ஆக்சிஜன் உள்ள ஆக்சைடு, ஒரு மாங்கனீசுக்கு உரிய ஆக்சலேட்டை மட்டுமே செலவழிக்கும்; அத்தகைய கல்லில் இம்முறை உண்மையில் பாதியைத்தான் காட்டும். மூன்று மாங்கனீசுக்கு நான்கு ஆக்சிஜன் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு தெரியும். மாங்கனீசு கார்பனேட்டான ரோடோகுரோசைட்டில் ஒன்றுமே தெரியாது. உலோகம் முழுவதும் கரைசலுக்குள் போயிருந்தும், ஆக்சலேட் துளியும் குறைந்திருக்காது.

மொத்த மாங்கனீசு வேண்டுமென்றால் தாதுவில் அது இருந்த நிலையை மறக்கடிக்க வேண்டும். அதற்கான பழைய, நம்பகமான வழி பிஸ்மத்தேட் முறை. கரைந்த தாதுவை நைட்ரிக் அமிலக் கரைசலில் சோடியம் பிஸ்மத்தேட்டுடன் கலக்கினால் மாங்கனீசு எந்த நிலையிலிருந்தாலும் பெர்மாங்கனேட்டாக உயரும். மிகுதிப் பிஸ்மத்தேட்டை வடிகட்டி நீக்கி, பெரஸ் (இரும்பு-II) உப்பை அளவு தெரிந்து மிகுதியாகச் சேர்த்து, எஞ்சிய பெரஸைச் செறிவு தெரிந்த பெர்மாங்கனேட்டால் அளப்பார்கள். இதுவும் பின் தரம்பார்த்தலே. ஆனால் இங்கே ஆக்சிஜனேற்ற நிலையைத் தீர்மானித்தது பூமியல்ல, பகுப்பாய்வாளர். ஆகவே விடை நேராக உலோகத்தைச் சொல்லும்.

குரோமியத் தாதுவான குரோமைட்டுக்கும் இதே தந்திரம் பொருந்தும். இந்தியக் குரோமைட்டின் பெரும்பகுதி ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் கிடைக்கிறது. அமிலங்களுக்கு அசைந்துகொடுக்காத கல் இது. சோடியம் பெராக்சைடுடன் உருக்கினால் வழிக்கு வரும். அப்போது குரோமியம் முழுவதும் குரோமேட்டாகி நீரில் கரைய, இரும்பு ஹைட்ராக்சைடாகத் தங்கிவிடும். எஞ்சிய பெராக்சைடு அழியும்வரை கரைசலை நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும். அது தங்கியிருந்தால், அமிலம் சேர்த்ததும் குரோமேட்டின் ஒரு பகுதியை ஒடுக்கிவிட்டு விடையைக் குறைத்துவிடும். பிறகு மோர் உப்பு மிகுதியாகச் சேர்த்து, எஞ்சியதைப் பொட்டாசியம் டைகுரோமேட்டால் அளப்பார்கள். ஒரு குரோமியம் மூன்று பெரஸ் அயனிகளைச் செலவழிக்கும். பெரஸ் அம்மோனியம் சல்பேட்டான இவ்வுப்பின் பெயரில் வாழும் கார்ல் பிரீடரிக் மோர் ஜெர்மானிய மருந்தாளர். 1855-இல் வெளியான அவருடைய தரம்பார்த்தல் கையேடுதான் இத்துறையை ஒழுங்குபடுத்திய தொடக்க நூல்களில் ஒன்று. சாதாரணப் பெரஸ் சல்பேட்டைவிட மோர் உப்பு காற்றில் மெதுவாகவே கெடும்; எஞ்சியதை நம்பிக் கணக்குப் போடும் முறைக்கு அந்தப் பண்பு மிக முக்கியம்.

அலுமினியத்தில் சிக்கல் வேறு. அதற்கு ஒரே ஆக்சிஜனேற்ற நிலைதான்; ஏற்றி இறக்க எதுவுமில்லை. 1940-களில் சூரிச்சில் வேதியியலாளர் ஷ்வார்ட்சென்பாக் ஈ.டி.டி.ஏ. என்னும் சேர்மத்தைத் தரம்பார்த்தலுக்குக் கொண்டுவந்த பிறகே அலுமினியத் தாதுவான பாக்சைட்டுக்கு வசதியான பருமனறி முறை கிடைத்தது. ஈ.டி.டி.ஏ. உலோக அயனியை ஒன்றுக்கு ஒன்றாகச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். துத்தநாகத்தை இதனால் நேரடியாகவே தரம்பார்க்கலாம், அலுமினியத்தை முடியாது. கரைசலில் அலுமினிய அயனி தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை எளிதில் விடாது. துத்தநாகத்தில் ஒரு நீர் மூலக்கூறு நொடிக்குக் கோடிக்கணக்கான முறை இடம் மாறும். அலுமினியத்தில் ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறைதான். போதாக்குறைக்கு, அது நிறங்காட்டியையும் பிடித்துக்கொண்டு விடமறுக்கும்.

எனவே ஈ.டி.டி.ஏ.யை மிகுதியாகச் சேர்த்து, பிஎச் 5-க்குச் சற்று மேலே இருக்கும்படி அசிட்டேட் தாங்கல் கரைசல் ஊற்றி, சில நிமிடம் கொதிக்கவைப்பார்கள். ஆறிய பின் சைலெனால் ஆரஞ்சு என்னும் நிறங்காட்டியைச் சேர்த்து, எஞ்சியதைத் துத்தநாகக் கரைசலால் அளப்பார்கள். மஞ்சள் நிறம் சிவப்பூதாவாக மாறும். ஆறவைப்பது வெறும் வழக்கமல்ல. ஈ.டி.டி.ஏ.யுடன் அலுமினியம் கொள்ளும் பிணைப்பும் துத்தநாகம் கொள்ளும் பிணைப்பும் வலிமையில் ஏறக்குறைய சமம். சூடான கரைசலில் துத்தநாகம் மெல்ல அலுமினியத்தை வெளியேற்றி அந்த இடத்தைப் பிடிக்கத் தொடங்கும். முடிவுநிலை நிலையாக நில்லாது. குளிர்ந்த கரைசலில் அலுமினியத்தின் மந்தமே காவலாகிறது. நேரடித் தரம்பார்த்தலைக் கெடுத்த அதே பண்பு பின் தரம்பார்த்தலைக் காப்பாற்றுகிறது என்பது இந்த வேதியியலின் அழகான இடங்களில் ஒன்று.

பாக்சைட்டில் இரும்பும் உண்டு, அதுவும் தாராளமாக. தமிழ்நாட்டில் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டப்பட்டு மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்ற பாக்சைட்டும், மற்ற இடங்களில் கிடைப்பதும் செந்நிறமாக இருப்பதற்கு இரும்பே காரணம். இரும்பும் ஈ.டி.டி.ஏ.யைப் பிடிப்பதால் மேலே சொன்ன கழித்தல் இரண்டின் கூட்டுத்தொகையைத்தான் தரும். இதற்கு ஃபுளூரைடு தீர்வாக வந்தது. முதல் முடிவுநிலை வந்ததும் பியூரெட் அளவைக் குறிக்காமல் விட்டு, கரைசலில் ஃபுளூரைடு சேர்த்துக் கொதிக்கவைத்தால், அலுமினியம் ஃபுளூரைடோடு சேர்ந்துகொண்டு தான் பிடித்திருந்த ஈ.டி.டி.ஏ.யை விட்டுவிடும். இரும்பு விடாது. விடுபட்ட ஈ.டி.டி.ஏ.யை மீண்டும் துத்தநாகத்தால் அளந்தால் அதுவே அலுமினியம். முதலில் எவ்வளவு ஈ.டி.டி.ஏ. சேர்த்தோம் என்பதுகூட இப்போது தேவையில்லை. கழித்தல் கணக்கே மறைந்துவிடுகிறது.

ஒரு கிராம் பாக்சைட்டைக் கரைத்து 250 மி.லி. ஆக்கி, அதில் 25 மி.லி. எடுத்ததாகவும், ஃபுளூரைடுக்குப் பின் 0.0200 மோலார் துத்தநாகம் 45.10 மி.லி. செலவானதாகவும் கொள்வோம். அலுமினியம் 0.902 மில்லிமோல், அதன் ஆக்சைடான அலுமினாவாக 46.0 மில்லிகிராம். எடுத்த பங்கில் தாது 0.1000 கிராம் என்பதால் 46.0 சதவீதம். இங்கும் ஒரு திருத்தம் உண்டு. டைட்டேனியமும் ஃபுளூரைடு வந்தால் ஈ.டி.டி.ஏ.யைக் கைவிடும். தாதுவில் 3 சதவீதம் டைட்டேனியம் டைஆக்சைடு இருந்தால் அது 1.9 சதவீதம் அலுமினாவாக வேடமிட்டு நிற்கும். ஹைட்ரஜன் பெராக்சைடுடன் அது தரும் மஞ்சள் நிறத்தின் அடர்த்தியை அளந்து டைட்டேனியத்தைத் தனியாகக் கண்டுபிடித்துக் கழிக்க வேண்டும். அப்போது அலுமினா 44.1 சதவீதமாக இறங்கும்.

எல்லா வகைக்கும் பொதுவான ஒரு கேள்வி, மிகுதி எவ்வளவு என்பது. குறைவாகச் சேர்த்தால் வினை முடியாமல் நின்றுவிடும். தாராளமாகச் சேர்ப்பதே பாதுகாப்பு என்று தோன்றும், அது தவறு. மாங்கனீசுச் சோதனையில் 0.4000 கிராமுக்குப் பதில் ஒரு கிராம் ஆக்சலேட் சேர்த்ததாகக் கொண்டால், சேர்த்தது 7.463 மில்லிமோல், எஞ்சுவது 5.163, அதை அளக்க 100 மி.லி.க்கு மேல் பெர்மாங்கனேட் வேண்டும், பியூரெட்டை மேலும் இரண்டு முறை நிரப்ப வேண்டும். பெர்மாங்கனேட்டின் செறிவில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை இருந்தால், முதல் சோதனையில் அது விடையை 0.03 சதவீதமே அசைத்திருக்கும், இப்போது 0.22 சதவீதம் அசைக்கும். இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசத்தை நம்பும் எந்தக் கணக்குக்கும் வரும் கேடு இது. தாதுவின் தரம் ஓரளவு தெரிந்தால், சேர்த்ததில் கால் பங்கு அளவு எஞ்சும்படி அமைத்துக்கொள்வது வசதியானது. தெரியாதபோது முதலில் ஒரு முன்னோட்டச் சோதனை செய்துவிடுவதே மேல்.

பிழைகளுக்கு ஒரு திசை உண்டு என்பதும் நினைவில் இருக்க வேண்டும். தாது முழுதாகக் கரையாவிட்டால் விடை குறையும். அடியில் தங்கிய கரும்பொடி அதைக் காட்டிக்கொடுக்கும். வினைப்பொருள் வேறு வழியில் அழிந்தால் விடை கூடும்; அதைக் காட்டிக்கொடுக்கக் குடுவையில் எதுவும் இராது. கரைசலை வற்றவிட்டுக் கந்தக அமிலம் அடர்ந்தால் ஆக்சலேட் தானாகவே சிதையும். சிதைந்தது அத்தனையும் மாங்கனீசாக எண்ணப்படும். மோர் உப்பு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் அது குரோமியமாகிவிடும். இதனால்தான் தாது இல்லாத வெற்றுச் சோதனை ஒன்றை, அதே அளவு வினைப்பொருள், அதே அமிலம், அதே சூடு, அதே நேரம் கொடுத்துப் பக்கத்திலேயே நடத்துகிறார்கள். சேர்த்த அளவு என்று கணக்கில் எடுக்க வேண்டியது புட்டியின் மேல் எழுதிய செறிவு அல்ல, வெற்றுச் சோதனை காட்டிய எண்.

இன்று சுரங்க ஆய்வகங்களில் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவிகள் அலுமினியம், இரும்பு, மாங்கனீசு, குரோமியம் எல்லாவற்றையும் சில நிமிடங்களில் சொல்லிவிடுகின்றன. அன்றாட வேலையில் பியூரெட் பெரும்பாலும் பின்வாங்கிவிட்டது. ஆனால் வழக்கமான எக்ஸ் கதிர்ச் சோதனை அணுக்களை எண்ணும். அவை எந்த ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கின்றன என்று பிரித்துச் சொல்லாது. உலர் மின்கலத்துக்கு வாங்கப்படும் மாங்கனீசு டைஆக்சைடுக்குத் தேவையான எண் அதுவே என்பதால், அதை மிகுதி ஆக்சலேட்டிலோ பெரஸ் உப்பிலோ கரைத்து எஞ்சியதை அளக்கும் வேலை இன்னும் நடக்கிறது. மேலே கணக்கிட்ட தாதுவுக்குக் கருவி மொத்த மாங்கனீசு 52.0 சதவீதம் என்று காட்டினால், ஆக்சலேட் முறை தந்த 50.5-உடன் அது முரண்படவில்லை. இரண்டின் விகிதம் 0.97, அதாவது அந்தக் கல்லில் ஒரு மாங்கனீசு அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அல்ல, சராசரியாக 1.97 ஆக்சிஜன் இருக்கிறது.